உருமாறும் பொம்மைகளின் மூட்டுவலி

பொம்மையைப் பற்றி நம் மன்ற இதழில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். பிளாஸ்டிக்கின் வேதியியலை முதுகலையில் படிப்பவனுக்கு எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்றும் கேட்கலாம். கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: பிளாஸ்டிக் எவ்வாறு சுமக்கிறது, எவ்வாறு சோர்கிறது, எவ்வாறு ஒடிகிறது என்பதை உருமாறும் பொம்மை ஒன்றின் முழங்கை காட்டுவதுபோல் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவிகள்கூட அத்துணைத் தெளிவாகக் காட்டுவதில்லை. அன்றியும், மூட்டு ஒடிந்த பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு விடுதியில் என் அறைக் கதவைத் தட்டுவோர் தொகை இவ்வாண்டு பெருகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை ஒரே தடவையில் எழுதிவிட்டால் எனக்கும் தேர்வுக்குப் படிக்கச் சிறிது நேரம் கிடைக்கும்.

முதலில் பொம்மையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். டிரான்ஸ்பார்மர்ஸ் என்னும் பெயரில் இவற்றை 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஹாஸ்புரோ நிறுவனத்தார். ஆனால் அமெரிக்கா இவற்றுக்குப் புகுந்த வீடுதான். பிறந்த வீடு ஜப்பான். அங்கே டக்காரா நிறுவனம் முன்னரே விற்றுவந்த டயக்குளோன், மைக்ரோமேன் என்னும் இரு வரிசைகளின் பொம்மைகளே கடல் கடந்து புதுப்பெயர் பெற்றன. லாரி இயந்திர மனிதன் ஆகும், விமானமும் ஆகும், ஒலிநாடாப் பெட்டியும் ஆகும். 1996இல் வந்த 'பீஸ்ட் வார்ஸ்' வரிசையில் விலங்குகளே மனித உருவெடுத்தன. 2003 முதல் டக்காரா வெளியிட்ட 'மாஸ்டர்பீஸ்' வரிசை, சிறுவயதில் இவற்றோடு விளையாடி வளர்ந்துவிட்டவர்களுக்கென்றே செய்யப்பட்டது. பொம்மை சேகரிப்பு ஒரு பெருந்தொழிலானது இப்படித்தான். இதற்குமேல் வரலாறு நமக்கு வேண்டா, மூட்டுக்கு வருவோம்.

நம் உடம்பில் முழங்கை கீல்மூட்டு. தோள் பந்துக்கிண்ண மூட்டு. பொம்மையிலும் இவ்விரண்டும் உண்டு. கீல்மூட்டில் இரு பிளாஸ்டிக் துண்டுகளை ஓர் எஃகு ஆணி கோத்து நிற்கிறது. பந்துக்கிண்ண மூட்டில் ஓர் உருண்டை கிண்ணத்துக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. பீஸ்ட் வார்ஸ் பொம்மைகளில் இதுவே மிகுதி. மூன்றாவதாக, திருப்பும்போது 'கிடுக் கிடுக்' என்று ஒலித்துப் படிப்படியாக நகரும் பல்மூட்டு ஒன்று உண்டு. கனத்த பொம்மைகளின் இடுப்பிலும் தோளிலும் அதனைக் காணலாம். நம் உடம்பில் அந்த ஒலி கேட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். பொம்மையில் அது நலத்தின் அறிகுறி.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். வீட்டுக் கதவின் கீலில் ஆணி தளர்வாக இருக்கும். கதவு தானாக அசைந்தாலும் யாரும் வருந்துவதில்லை. பொம்மையின் கை அப்படித் தொங்கலாகாது. உயர்த்திய இடத்தில் வாளைப் பிடித்தபடி நிற்கவேண்டும். அதற்கு உராய்வு வேண்டும். உராய்வுக்கு இறுக்கம் வேண்டும். ஆதலின் ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளையில் ஆணியை அடித்து இறக்குகிறார்கள். அந்த நொடி முதல் துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கை வைத்தாலும் வைக்காவிட்டாலும், பொம்மை பெட்டிக்குள் உறங்கினாலும், அந்த வளையத்துக்கு ஓய்வில்லை. நெடுநாள் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே கீல் விண்டு கிடப்பது இதனால்தான். கையில் எடுத்தவுடன் ஒடிந்துவிட்டது என்று அழுவோர், உண்மையில் பல்லாண்டுகளாக நடந்துவந்த ஒரு வேலையின் கடைசி நொடியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆணியின் குறுக்களவு 2.00 மில்லிமீட்டர், துளை 1.96 மில்லிமீட்டர் என்று கொள்க. வித்தியாசம் 0.04, தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. ஆயினும் துளையின் விளிம்பு அடையும் நீட்சி ஏறத்தாழ 2 விழுக்காடு. பொம்மைகளின் பெரும்பகுதி ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது மீளும் தன்மையை இழந்து நிலையாக நீளத் தொடங்கும் எல்லையே ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடுதான். வண்டியின் கண்ணாடிச் சன்னல்களுக்கு வழங்கும் பாலிகார்பனேட் சிறிது நேரத்துக்கு இதைவிட மிகுதியாக நீண்டுகொடுக்கும். ஆனால் நெடுங்காலம் சுமையைத் தாங்கும் பாகத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீட்சி இருக்க வேண்டும் என்பது வடிவமைப்போர் கொள்கை. அழகுக்காகச் சன்னல் பிளாஸ்டிக்கிலேயே கீலையும் அமைத்துவிடும் பொம்மைகளில் முதலில் விள்ளுவது அந்தக் கீலாக இருப்பதில் வியப்பென்ன?

இதனைக் கண்ணாலேயே காண ஓர் எளிய வழி உண்டு. நம் மாணவர்கள் எவரும் செய்து பார்க்கலாம். எல்.சி.டி. வகை மடிக்கணினித் திரையில் வெறும் வெண்பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அத்திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளி. போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்றின் வழியாக அதனைப் பார்த்து, திரை இருளும்வரை கண்ணாடியைச் சுழற்றுங்கள். இனிப் பொம்மையின் நிறமற்ற பாகத்தைத் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே பிடியுங்கள். இருளில் வானவில் வண்ணங்கள் தோன்றும்! பட்டைகள் எங்கே நெருங்கி நிற்கின்றனவோ அங்கே பிளாஸ்டிக்கின் இழுபாடு விரைந்து மாறுகிறது என்று பொருள். பெரும்பாலும் ஆணித்துளையைச் சுற்றித்தான் அந்த நெருக்கம் இருக்கும். அச்சில் உருகிய பிளாஸ்டிக் நுழைந்த இடத்திலும் வண்ணங்கள் தெரியும். அது வார்க்கும்போது உறைந்துபோன இழுபாடு, அதற்கு ஆணியைக் குற்றம் சொல்லலாகாது. விடுதியில் இதனைக் காட்டியபோது கூடியிருந்தவர்கள் பொம்மையை மறந்து தத்தம் அளவுகோல்களையும் டப்பா மூடிகளையும் நீட்டத் தொடங்கிவிட்டார்கள். அறிவியல் பரவுவதற்கு அதுவும் ஒரு வழிதான்!

நம் டில்லியின் தட்பவெப்பமும் இந்த மூட்டுகளுக்குப் பகைதான். வெப்பம் ஒவ்வொரு பாகை குறையும்போதும் ஏ.பி.எஸ். தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 90 பங்கு சுருங்குகிறது. எஃகு சுருங்குவது 12 பங்குதான். ஆகவே குளிர் ஏறஏறப் பிளாஸ்டிக் வளையம் ஆணியை மேலும் மேலும் நெரிக்கும். மே மாதத்தில் 42 பாகையில் இருந்த அறை சனவரி விடியலில் 7 பாகைக்கு இறங்கினால், நீட்சியில் மேலும் 0.27 விழுக்காடு சேர்கிறது. குளிரில் பிளாஸ்டிக்கின் வளையும் தன்மையும் குறைந்திருக்கும். சனவரிக் காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொம்மையை உருமாற்றத் தொடங்குவோர் இதனை நினைவிற் கொள்க. நம் ஊர்க் கடற்கரைப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை; ஆனால் வேறொன்று உண்டு. உப்புக் காற்றில் எஃகு ஆணி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட மிகுதியான இடம் வேண்டும். அதனால் ஆணி உள்ளிருந்தே பருக்கும்.

வெயிலின் வேலை வேறு வகையானது. ஏ.பி.எஸ். என்பது கெட்டியான பிளாஸ்டிக்கில் பூட்டாடையீன் என்னும் ரப்பரின் நுண்ணிய உருண்டைகள் விரவிய பொருள். ஓடிவரும் விரிசலை இவ்வுருண்டைகளே தடுத்து நிறுத்துகின்றன. கதிரவன் ஒளியும் காற்றின் உயிர்வளியும் சேர்ந்து இந்த ரப்பரைத்தான் முதலில் கெடுக்கின்றன. மேற்றோல் மஞ்சளாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. தோலில் பிறந்த விரிசல் உள்ளே இறங்குகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி மஞ்சளை வெளுக்கச் செய்யும் முறை ஒன்று சேகரிப்போரிடையே பரவியிருக்கிறது. வெண்மை திரும்புவது உண்மை. போன ரப்பர் திரும்பாது. வெளுத்த பொம்மையைப் புதிய பொம்மை என்று எண்ணி முறுக்குவது ஆபத்து.

இனி எண்ணெய்க்கு வருவோம். மூட்டு இறுகிவிட்டது என்றதும் நம்மவர் கை முதலில் நாடுவது தேங்காயெண்ணெய்ப் புட்டியை. அதற்கு அடுத்தபடி தையல் இயந்திர எண்ணெயை. இரண்டும் வேண்டா. இழுபட்டு நிற்கும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளுக்கிடையே எண்ணெய் நுழைந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகிறது. பிளாஸ்டிக் கரைவதில்லை, ஆனால் விள்ளுகிறது. குளிர்பெட்டியின் உட்சுவர் கொழுப்புப் பட்ட இடத்தில் விரிசல் காண்பதும் இதே வகைதான். பாலிகார்பனேட் இவ்வகையில் மிகவும் நொய்ந்தது. திருகாணி கழலாமல் இருக்க இடும் ஒட்டுநீர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் நீர் ஆகியவற்றை அதன் அருகேயும் கொண்டுசெல்லாதீர்கள். தூய சிலிக்கோன் எண்ணெய் ஒன்றே இவ்விரு பிளாஸ்டிக்குகளுக்கும் தீங்கு செய்யாமல் உராய்வைக் குறைக்கிறது. குச்சி முனையில் தொட்டு ஒரு துளி வைத்தால் போதும்.

அப்படியானால் இறுகிய மூட்டை எவ்வாறு அசைப்பது? தலைமயிர் உலர்த்தும் கருவியால் சற்றுத் தொலைவிலிருந்து சூடான காற்றை வீசி, தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு, 50 பாகை வரையில், மூட்டைச் சூடாக்குங்கள். மேலே சொன்ன கணக்கு இப்போது நமக்குத் துணையாகத் திரும்பும்; பிளாஸ்டிக் எஃகைவிட மிகுதியாக விரிந்து ஆணியின் மேல் உள்ள பிடியை விடும். ஏ.பி.எஸ். இளகும் வெப்பம் 100 பாகையை ஒட்டியது. ஆதலால் அச்சம் வேண்டா. பின்னர் மூட்டை ஒட்டியே பிடித்துத் திருப்புங்கள். கையின் நுனியைப் பிடித்துத் திருப்பாதீர்கள். நுனி மூட்டிலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவில் இருக்க, கீலின் காது அச்சிலிருந்து 3 மில்லிமீட்டரில் இருந்தால், நுனியில் 1 கிலோ கொடுக்கும்போது சிக்கிக்கொண்ட மூட்டின் காது 20 கிலோவை வாங்குகிறது. விரலுக்கோ 1 கிலோதான் தெரியும். நெம்புகோலைப் பள்ளியில் புகழ்ந்து படித்தோம். இங்கே அது நம்மை ஏமாற்றுகிறது. திருப்பும்போது வளைவின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றினால் உடனே நிறுத்தவும். பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஆயிரக்கணக்கில் திறந்துவிட்டன என்பதற்கு அது சான்று.

ஆயினும் சூடும் எண்ணெயும் அன்றைய பொழுதுக்கான மருந்துகளே. வளையத்தின் சுமையை நிலையாகக் குறைக்க விரும்பினால் ஆணியை மெலியச் செய்ய வேண்டும். பல ஆணிகளின் ஒரு முனையில் மட்டும் வரிகள் வெட்டியிருக்கும். அம்முனைதான் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிப்பது. எனவே வரியில்லாத முனையிலிருந்து தள்ளி, வரியுள்ள முனை வெளியே வரும்படி ஆணியை எடுக்க வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வார் ஆணியைத் தள்ளப் பயன்படுத்தும் சிறு கருவி இதற்குப் போதுமானது. எடுத்த ஆணியின் வழவழப்பான பகுதியை நுண்மையான உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து, திருகு அளவியால் அளந்து அளந்து, 0.02 மில்லிமீட்டர் குறைத்தால் மேற்சொன்ன எடுத்துக்காட்டில் வளையத்தின் நீட்சி பாதியாகிவிடும். கை முன்போல் விறைத்து நிற்காது, சற்றே தளரும். சேகரிப்போர் பலருக்கு இது பிடிப்பதில்லை. கடையில் வாங்கிய அன்றிருந்த விறைப்பு வேண்டும், பொம்மையும் நெடுநாள் வாழ வேண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆணியில் கிட்டாது. என்னைக் கேட்டால் தளர்வையே தேர்ந்தெடுப்பேன்.

தளர்ந்துபோன பந்துமூட்டைச் சரிசெய்வது எளிது. உருண்டையை வெளியே எடுத்து, கடையில் கிடைக்கும் விரைவொட்டிப் பசையை மெல்லிய படலமாகப் பூசி, ஒருநாள் முழுதும் உலரவிட்டுப் பின் பொருத்துவது பலர் கையாளும் முறை. நான் விரும்புவது குழாய்வேலைக்காரர்கள் குழாய் மறையில் சுற்றும் வெள்ளை டெப்லான் நாடா. உருண்டைமேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கிண்ணத்தில் அழுத்தினால் இடைவெளி நிரம்பிவிடும், வேண்டாதபோது உரித்துவிடலாம், பிளாஸ்டிக்குக்கு யாதொரு தீங்கும் இல்லை. விலையும் மிகச் சொற்பம்.

ஒடிந்ததை ஒட்டுவதற்கு முன் அது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்க. ஏ.பி.எஸ். துண்டுகளின் இரு முகங்களிலும் அசிட்டோனை மிகச் சிறிதளவு தடவி அழுத்தினால் முகங்கள் கரைந்து ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். சன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஆனால் வழவழப்பும் மெழுகுபோன்ற மினுக்கும் கொண்ட மூட்டுத்துண்டுகள் சில பொம்மைகளில் இருக்கும். அவை பாலியசிட்டால். உராய்வில் தேயாத நல்ல பொருள். ஆயின் எந்தப் பசையும் அதில் உறுதியாகப் பற்றாது. அதற்கு விரலால் சுழற்றும் சிறு துளைக்கருவியைக் கொண்டு இரு துண்டிலும் துளையிட்டு, பித்தளைக் கம்பி ஒன்றைக் கோத்துவிடுவதே வழி. ஏ.பி.எஸ். மூட்டுக்கும் கம்பி வைப்பது நல்லது. கீலின் காதுபோல் சிறிதான இடத்தில் ஒட்டு மட்டும் நெடுநாள் நில்லாது.

எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாத நோய் ஒன்று உண்டு. சேகரிப்போர் அதனைப் 'பொன் பிளாஸ்டிக் நோய்' என்பார்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த சில பொம்மைகளில், வண்ணம் பூசாமலே தங்கம்போல் மின்ன வேண்டும் என்று பிளாஸ்டிக்கிலேயே மினுக்குத் துகள்களைக் கலந்தார்கள். ஜப்பானில் வெளியான 'பிளாக் சராக்' என்னும் பெரும் பொம்மை இந்நோய்க்குப் பேர்போனது. துகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கோடு ஒட்டாமல் நிற்கும் ஒரு சிறு பிளவு போன்றது. சுமை அதன் ஓரத்தில் குவியும். அச்சில் இரு ஓட்டங்கள் சந்திக்கும் கோட்டில் துகள்கள் ஒரே வரிசையில் படுத்துவிட்டால், முத்திரைத் தாளில் துளையிட்ட வரிபோல் அங்கேயே கிழியும். மர இரேகை போன்ற சுழிகள் பொன்னிறத்தில் தெரிந்தால் அம்மூட்டைத் திருப்பாதீர்கள். ஒட்டினாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் ஒடியும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், கோழிக்கோட்டுக்காரர். 'சேட்டா' என்றே அழைப்பேன். அவர் தந்தையார் துபாயில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்த பொம்மை ஒன்றைச் சென்ற தீபாவளி விடுமுறைக்குப் பின் என்னிடம் கொண்டுவந்தார். மனித உருவில் இருந்தது. இரு தோளிலும் பொன்னிறச் சுழிகள். தந்தையார் காலமாகிவிட்டார். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் அதனை லாரியாக மாற்றிக் காட்டுவாராம். இப்போது சேட்டாவின் மகனுக்கு ஆறு வயது. தாத்தாவின் லாரியைப் பார்க்க வேண்டும் என்கிறான். "ஒரே ஒரு தடவை மாற்றினால் தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது என்று சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பொம்மையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் முதுகில் இருந்த திருகாணிகளை இருவரும் கவனித்தோம். தோளின் தண்டு மார்பின் இரு ஓடுகளுக்கு நடுவே கவ்வப்பட்டிருந்தது. ஓடுகளைப் பிரித்துவிட்டால் கையைச் சுழற்ற வேண்டியதே இல்லை. அப்படியே தூக்கி, லாரிக்கு வேண்டிய கோணத்தில் வைத்து, மீண்டும் மூடிவிடலாம். உருமாற்றுவதை விட்டுவிட்டு, பிரித்து அடுக்குவது என்று முடிவு செய்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துவந்தார். ஆறு திருகாணிகளையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துக் காவல் காப்பது அவன் பொறுப்பு. தோளைத் தூக்கி வைத்து ஓடுகளை மூடியபோது மேசைமேல் சிவப்பு லாரி நின்றது. பொன்னிற மூட்டு ஒரு பாகைகூடத் திரும்பவில்லை. பிளாஸ்டிக்கில் திருகாணியைத் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றி, பழைய மறையில் 'டக்' என்று விழுவது கைக்குத் தெரிந்த பிறகே வலப்பக்கம் முடுக்க வேண்டும். இல்லையேல் புதுமறை வெட்டிக்கொண்டு துளை தளர்ந்துவிடும். அதனைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசித் திருகாணியை அவனே பூட்டினான்.